ஆண்டெனாவின் மேல் தங்கிய பனி

நவம்பர் 29, வியாழன்

நான் அதை அடிக்கவில்லை. துடைத்தேன்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஊரில் ஒருவருக்கும் விளங்காது போலிருக்கிறது. இன்று மளிகைக் கடையில் கல்லாவில் இருந்த பெண் என்னிடமே கேட்கிறாள்: "மதாம் கோத்ரோ, அரசாங்க மெஷினைத் துடைப்பத்தால மொத்திட்டீங்களாமே?" பின்னால் வரிசையில் நின்றவர்கள் சாக்லேட் அட்டைகளை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். எண்பத்திரண்டு வயதில் நான் ஒரு இரும்புக் கம்பத்தோடு சண்டைக்குப் போனேனாம். என் கணவர் ஓவிலா உயிரோடு இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பார்களா?

நடந்ததை இங்காவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

தோட்டத்தின் கடைசியில், ஆற்றுக்கு இறங்கும் சரிவின் விளிம்பில், போன கோடையில் நிலச்சரிவு அலுவலகத்தார் ஒரு கம்பம் நட்டார்கள். உச்சியில் ஜி.பி.எஸ். ஆண்டெனா, அதன்மேல் கூம்பு போல ஒரு மூடி. செயற்கைக்கோள்களிடம் ஓயாமல் கேட்டுக் கேட்டு, என் நிலம் நகர்கிறதா என்று மில்லிமீட்டர் கணக்கில் அது சொல்லும். நான் எதிர்க்கவில்லை. இது நீலக்களிமண் பூமி, நீர் ஊறினால் கூழாகிவிடும். எழுபத்தொன்றில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடுகளை விழுங்கிய நிலச்சரிவை மறந்தவர் இங்கே யாரும் இல்லை. கையெழுத்துப் போட்டுத்தான் இடம் கொடுத்தேன். அதில் ஒரு நிபந்தனையும் இருந்தது: நகர்வு எல்லையைத் தாண்டியதாக ஒரு குளிர்காலத்தில் மூன்று முறை வந்தால், வீட்டைக் காலி செய்ய உத்தரவு.

நேற்று முதல் முறை வந்துவிட்டது. ஒரே இரவில் நான்கு சென்டிமீட்டர். எந்தப் பக்கம் என்று தொலைபேசியில் கேட்டேன். மேலே, என்றார்கள். மேலே! ஆற்றை நோக்கி அல்ல, வானத்தை நோக்கி. என் தோட்டம் விண்ணேற்றம் அடைகிறதா? "எந்தப் பக்கமா இருந்தாலும் எல்லை எல்லைதான், மதாம்" என்றான் அந்த அலுவலகத்துப் பையன்.

நேற்று விடியும்போது மாடியில் தையல் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆண்டெனாவின் தலையில் ஒரு ரொட்டி அளவுக்குப் பனி குவிந்திருந்தது. என் வீட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் கருவி சுத்தமாக இருக்க வேண்டாமா? பூட்ஸ் மாட்டி, தோட்டத்து மாதா சுரூபத்தைத் துடைக்கும் மெத்தென்ற துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, இந்த முழங்காலோடு கொட்டகையைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது அந்தக் குவியலைக் காணோம். மூடியின்மேல் மெல்லிய தோல் போலத்தான் பனி. அதைத் துடைத்தேன். கருவி அதைத் 'தொந்தரவு' என்று பதிந்துகொண்டது.

ரொட்டி எங்கே போனது?

டிசம்பர் 1, சனி

கம்பத்தைச் சுற்றிக் காலடித் தடங்கள் இருந்தன. என்னுடையவை அல்ல. அன்றே பார்த்தேன், எழுத மறந்தேன். இல்லை, மறக்கவில்லை. எழுதினால் உண்மையாகிவிடும் என்று தள்ளிப்போட்டேன்.

டிசம்பர் 4, செவ்வாய்

அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ரொக்ஸான் என்று பெயர், முப்பது வயது இருக்கும். காதில் நான்கு வளையம். பூட்ஸை வாசலிலேயே கழற்றினாள். அதற்காக ஒரு மதிப்பெண் போட்டேன். பட்டாணி சூப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தாள், அதற்கு இன்னொன்று.

"மதாம், பனி விழுறது பிரச்சினையே இல்ல. மேகம், குளிர், எதுவுமே சிக்னலுக்குப் பெரிய தொல்லை கிடையாது. விழுந்த பனி ஆண்டெனா மேல உக்காந்துக்கிட்டாத்தான் வம்பு. அதுலயும் ஈரப்பனி. உள்ள தண்ணி இருக்குல்ல, சிக்னல் அதைத் தாண்டி வரத் தாமதமாகும். ஆண்டெனா, தான்தான் மேல ஏறிட்டோம்னு நினைச்சுக்கும்."

"அப்ப அன்னைக்கு அதுதான் நடந்திருக்கு."

"நடக்காது. அதுக்குத்தானே கூம்பு மூடி? வழவழன்னு இருக்கு, பனி வழுக்கிக் கீழ விழுந்துடும். தங்காது."

"தங்கியிருந்துச்சு. நான் பார்த்தேன். ரொட்டி அளவு."

"எவ்வளவு தூரத்துலேர்ந்து பார்த்தீங்க?"

"என் ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாச்சு, மத்மசெல்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கெட்ட சிரிப்பும் அல்ல.

உங்கள் கருவி எவ்வளவு தவறலாம் என்று கேட்டேன். மடத்துப் பள்ளியில் எங்களுக்குக் கணக்கு எடுத்த கன்னியாஸ்திரீ மேர் கன்ஸ்தான்ஸ் அதைச் சொல்லாத எந்த அளவையும் ஏற்றதில்லை. "எவ்வளவு தப்பலாம்னு சொல்லாம நீளம் மட்டும் சொன்னா, அது அளவு இல்ல, ஊர்வம்பு" என்பார். சுத்தமான நாளில் ஓரிரண்டு மில்லிமீட்டர் தவறலாம் என்றாள் ரொக்ஸான். சுத்தமில்லாத நாளில்? தோளைக் குலுக்கினாள்.

என் கம்பத்தின் இடத்தை ஊருக்குள் தீயணைப்பு நிலையக் கூரையில் இருக்கும் இன்னொரு ஆண்டெனாவோடு ஒப்பிட்டுத்தான் கணக்குப் போடுகிறார்களாம். அப்படியானால் அங்கே பனி தங்கியிருக்கலாமே? கூரைக்கு அடியில் சூடு, தங்காது என்கிறாள். இந்த அலுவலகத்தைப் பொறுத்தவரை பனி எங்கேயுமே தங்குவதில்லை.

மாலையில் ஓவிலாவின் வேட்டைத் தொலைநோக்கியை எடுத்துப்போய்த் தீயணைப்பு நிலையத்தின் எதிரே நின்று பார்த்தேன். உண்மைதான், சுத்தமாக இருந்தது. ஊருக்கு நாளைக்கு இன்னொரு கதை கிடைக்கும்.

கம்பத்தைத் தொடக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

டிசம்பர் 9, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஆர்மான் பிலோதோவைப் பற்றி எழுத வேண்டும். எழுதுவதற்கு அவரிடம் அதிகம் இல்லை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இந்தச் சரிவில் இருப்பது எங்கள் இரண்டு வீடுகள்தான். அவர் வீட்டை விட்டுப் போகச் செப்டம்பரிலேயே சம்மதித்துவிட்டார்; வசந்தம் வந்ததும் ஷிகூதிமியில் ஒரு அடுக்ககத்துக்குப் போகிறார். அன்றிலிருந்து என்னையும் கிளப்பப் பார்க்கிறார். போவதென்று முடிவெடுத்தவனுக்கு, இருப்பதென்று முடிவெடுத்தவளைக் கண்டால் பொறுக்காது. அவள் இருந்துவிட்டால் அவன் கோழையாகிவிடுவான் அல்லவா?

இன்று பூசைக்குப் பிறகு என் வாசலைத் தன் பனித்தள்ளியால் சுத்தம் செய்துவிட்டு நின்றார். கேட்காமலே செய்வார். வேண்டாம் என்றாலும் செய்வார்.

"மதாம் கோத்ரோ, அங்க லிஃப்ட் இருக்கு. உங்க முழங்காலுக்கு நல்லது."

"என் முழங்காலைப் பத்தி உங்ககிட்ட யாரு கேட்டா, முசியே பிலோதோ?"

"யாரும் கேக்கல. அது நடக்கும்போது சத்தம் போடுதே, கேக்குது."

இந்த மனிதருக்கு எதையாவது மூடாவிட்டால் தூக்கம் வராது. அக்டோபர் கடைசியில் எல்லோரும்தான் செடிகளுக்குத் துணி சுற்றுகிறோம். நம் வேலியோரத்துச் செடிகள் எல்லாம் வெள்ளைத் துணியில், முதல்முறை புதுநன்மை வாங்கக் கோயிலுக்குப் போகும் சிறுமிகளைப் போல் வரிசையாக நிற்கும். ஆனால் அவர் தன் தபால் பெட்டிக்கும் சுற்றுவார். போன வருடம் என் ரோஜாக்களை என்னைக் கேட்காமல் ஆரஞ்சு நிறக் கயிற்றால் கட்டி வைத்தார், சணல் மூட்டைகள் போல. இனி என் தோட்டத்தில் எதையும் மூடக்கூடாது என்று அன்றே சொல்லிவிட்டேன்.

கம்பத்தருகே இருந்த காலடிகள் அவர் வேலிப் பக்கத்திலிருந்துதான் வந்தன. கேட்டேன். அலுவலகத்தார் வந்தால் நடப்பதற்காகப் பாதை போட்டாராம். பதில் சொல்லும்போது தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

பாதை போடுகிறவன் எதற்குத் தொப்பியைத் திருக வேண்டும்?

டிசம்பர் 16, ஞாயிறு

பெனுவா மொந்த்ரியாலிலிருந்து பேசினான். என் மகன் வானிலையில் தொடங்கினால் ஏதோ கேட்கப் போகிறான் என்று பொருள்.

"அம்மா, ஷிகூதிமியில ஒரு இடம் பார்த்தேன்மா. ஆத்தைப் பார்த்த ஜன்னல்."

"எனக்கு இங்கேயே ஆறு தெரியுது."

"அங்கேர்ந்து பார்த்தா ஆறு உன்னைக் கூப்பிடாதும்மா."

புத்திசாலித்தனமாகப் பேசுவதாக நினைப்பு. அந்த இடத்தைப் பற்றி உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். மறுபடியும் வானிலைக்குத் தாவினான். பிறகு, "முசியே பிலோதோ" என்றான். என் மகனும் பக்கத்து வீட்டுக்காரரும் எனக்குப் பின்னால் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். இதற்கு ஒரு சொல் இருக்கிறது. கிறிஸ்துமஸ் வரையாவது அதை உபயோகிக்காமல் இருக்க முயல்கிறேன்.

டிசம்பர் 22, சனி

இரண்டாம் முறை.

நேற்று முழுவதும் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாலையில் கனமான, மண்வெட்டியை விட்டு இறங்க மறுக்கும் பனி. இன்று காலை அலுவலகம் கூப்பிட்டது: மூன்றரை சென்டிமீட்டர், மறுபடியும் மேல்நோக்கி. விடிந்ததும் தானாகவே இறங்கிவிட்டதாம். மேலே ஏறி மறுபடி இறங்கும் நிலத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. "உறைபனி மண்ணைத் தூக்கியிருக்கும்" என்கிறான் பையன். கம்பத்தின் அடி, உறைபனி எட்டாத ஆழத்தில் இருக்கிறது என்று கோடையில் இவர்களே பெருமையடித்தார்கள்.

எட்டு மணிக்குத் தோட்டத்துக்குப் போனேன். தொடவில்லை. பார்த்தேன். மூடி துடைத்துவைத்த பாத்திரம் போல இருந்தது. அவ்வளவு பனி விழுந்த இரவுக்குப் பிறகு இவ்வளவு சுத்தமா? கீழே, தலைகீழாக வைத்த வாளியின் வட்டம் பனியில் பதிந்திருந்தது. பக்கத்தில் அந்தப் பெரிய பூட்ஸ் தடம்.

இன்னும் ஒரு முறை. அவ்வளவுதான். இந்தச் சமையலறையை ஓவிலா தன் கையால் பலகை பலகையாக அடித்தார். இதே மேசையில்தான் அவருக்குக் கடைசியாகச் சவரம் செய்துவிட்டேன். ஒரு மனிதன் வாளிமேல் ஏறி நின்று இதையெல்லாம் என்னிடமிருந்து எடுத்துவிட முடியுமா?

டிசம்பர் 25

நள்ளிரவுப் பூசை. சமாதானம் சொல்லும் நேரத்தில் ஆர்மான் பிலோதோ கை நீட்டினார். கொடுத்தேன். கையுறையைக் கழற்றவில்லை.

ஜனவரி 3, வியாழன்

மைனஸ் முப்பத்தொன்று. குளிரில் ஆணிகள் சுவருக்குள் படீரென்று வெடிக்கின்றன. புத்தாண்டு அன்றும் நேற்றும் பெரிய பனிப்பொழிவு. சர்க்கரைத் தூள் போல ஊதினால் பறக்கும் பனி. ஜன்னல் விளிம்புவரை ஏறிவிட்டது.

அலுவலகத்திலிருந்து அழைப்பு வரவில்லை. நானே கூப்பிட்டுக் கேட்டேன். நிலம் அசையவே இல்லையாம்.

ஆக, பொடிப்பனி பெய்தால் என் நிலம் சும்மா இருக்கிறது. ஈரப்பனி பெய்தால் மேலே ஏறுகிறது. களிமண்ணுக்குப் பனியின் வகை எப்படித் தெரியும்? ரொக்ஸான் சொன்னபடி ஆண்டெனாமேல் ஈரம் உட்கார்ந்தால்தான் இப்படி நடக்கும். வழவழப்பான கூம்பில் தானாக உட்காராது என்றால், யாரோ உட்கார வைக்கிறார்கள்.

வாளியில் பனி அள்ளி ஊற்றுகிறாரா? எதில் தங்க வைக்கிறார்? பிடிபடவில்லை. ஆனால் பிடிப்பேன்.

ஜனவரி 12, சனி

 நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையிலேயே ரேடியோவில் சொன்னார்கள்: இளஞ்சூடு, இரவில் கனத்த ஈரப்பனி. மதியச் சூப்பை மாடிக்கே எடுத்துப்போய், தையல் அறையில் விளக்குப் போடாமல் தொலைநோக்கியோடு உட்கார்ந்தேன். பூட்ஸைக் கழற்றவே இல்லை. மேர் கன்ஸ்தான்ஸ் என்னை அந்தக் கோலத்தில் பார்த்திருந்தால் சுவரைப் பார்த்து நிற்க வைத்திருப்பார்.

நான்கு மணி சுமாருக்கு, வெளிச்சம் நீலமாகும் நேரம். வேலி இடைவெளியில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு முழு ஆளும் குனிந்தபடி வந்தார், எழுபத்தொன்பது வயதில், ஆப்பிள் திருடும் பையனைப் போல. ஒரு கையில் வாளி. மற்றக் கக்கத்தில் ஏதோ வெள்ளையாக.

நான் படியிறங்கிய வேகத்தை என் மருத்துவர் நம்பமாட்டார். துடைப்பம் கையில் இருந்தது. (இருந்தது. அவ்வளவே.)

"இறங்கு கீழ! உனக்கு அறிவிருக்கா? என்ன பண்ற நீ?"

அவர் ஏறி நின்ற வாளி ஆடியது. அவர் கம்பத்தைக் கட்டிக்கொண்டார். ஆண்டெனாவின் தலையில், செடிகளுக்கு மாட்டும் வெள்ளைத் துணி உறை. ஆரஞ்சு நிறக் கயிறு.

"குளிருமேன்னு..." என்றார்.

"எதுக்குக் குளிரும்?"

"இதுக்குத்தான். எலெக்ட்ரானிக் சாமான், மதாம். மைனஸ் முப்பதுல என் காரே கிளம்ப மாட்டேங்குது. இதை மட்டும் மொட்டையா விட்டுட்டுப் போயிட்டாங்க. ராத்திரி பனியில இது செத்துப்போச்சுன்னா, உங்க நிலம் நகர்றத யாரு சொல்லுவா? நீங்க பாட்டுக்குத் தூங்கிட்டிருப்பீங்க."

"ஒவ்வொரு ராத்திரியுமா?"

"இல்ல இல்ல. பெரிய பனி வரும்னு ரேடியோவுல சொன்னாத்தான். விடிஞ்சதும் எடுத்துடுவேன். நீங்கதான் தோட்டத்துல எதையும் மூடக்கூடாதுன்னு..."

"சொன்னேன்."

"அதான் ஒளிஞ்சு வந்தேன்."

அந்தத் துணியின் மடிப்பைத் தொட்டுப் பார்த்தேன். சொரசொரப்பு. இந்தப் பொல்லாத மெஷின் தொப்பி போட்டுக்கொண்டால் பனி எங்கே வழுக்கும்? ஈரப்பனி ஒட்டிக்கொண்டு இரவெல்லாம் ரொட்டியாக எழும்பும். பொடிப்பனியைக் காற்று ஊதிக்கொண்டு போகும். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவேதான். ஒன்றரை மாதம் நான் தூங்காதது ஒரு துணித் தொப்பிக்காக.

"நீ போட்ட இந்தத் தொப்பியாலதான் என் வீடு போகப் பார்த்துச்சு, தெரியுமா உனக்கு?"

அவருக்குப் புரியவில்லை. நின்று விளக்கினேன். புரிந்தபோது வாளிமேலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது குளிராலும் இருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்து, "முப்பத்தாறு வருஷமா பக்கத்து வீடு. இன்னைக்குத்தான் என்னை 'நீ'ன்னு சொல்றீங்க" என்றார்.

"கோபத்துல வந்துடுச்சு. இனிமே வராது."

"வந்தாலும் பரவால்ல, மதாம்."

தொப்பியைப் பறிமுதல் செய்து சமையலறை ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

ஜனவரி 13, ஞாயிறு

அவர் சொல்வதை நம்பலாமா? பெனுவாவோடு பேசுகிறவர். நான் போக வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறவர். ஆனால் வஞ்சகம் செய்கிறவன் இத்தனை முடிச்சுப் போட்டுக் கயிறு கட்டுவானா? அந்த முடிச்சுகளை அவிழ்க்க எனக்கு ஊசி தேவைப்பட்டது.

நேற்று இரவு ஈரப்பனி கொட்டியது. தொப்பி ஆணியில் தொங்கியது. காலையில் அழைப்பு வரவில்லை.

ஜனவரி 17, வியாழன்

ரொக்ஸான் வந்தாள். நடந்ததைச் சொன்னதும், நாகரிகம் கருதி முதலில் இருமினாள். பிறகு மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் வேலையை ஒழுங்காகச் செய்தாள். தொப்பியைக் கேட்டு வாங்கி, ஆண்டெனாவில் மாட்டி, பனியை நனைத்துப் பிசைந்து அதன்மேல் அப்பினாள். சூப் ஆறும் வரை காத்திருந்து தன் கணினியைப் பார்த்தாள்.

"ஏறுது, மதாம். மூணு சென்டிமீட்டர் தாண்டிடுச்சு. நீங்க சொன்னது சரி. அந்த ரொட்டி இருந்திருக்கு."

"என் கண்ணு?"

"உங்க கண்ணும் சரி."

இரண்டு எச்சரிக்கைகளும் நீக்கப்பட்டன, எழுத்தில் வாங்கிக்கொண்டேன். இன்னொன்றும் எழுத்தில் வாங்கினேன்: ஒவ்வொரு நாளும் காலையில் மென்மையான தூரிகையால், அசைக்காமல், மூடியைத் துடைக்க எனக்கு அனுமதி. மளிகைக் கடைக்குப் போய் அந்தத் தாளைக் கல்லாவின்மேல் விரித்து வைத்தேன். அந்தப் பெண் இரண்டு முறை படித்தாள். எனக்கு ஒன்றும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

ஜனவரி 26, சனி

துடைத்தேன். துடைத்தேன். துடைத்தேன். இந்த மாகாணத்திலேயே சுத்தமான ஆண்டெனா என்னுடையது.

பிப்ரவரி 2, சனி

மெழுகுவர்த்தித் திருநாள். இடது கையில் ஒரு நாணயத்தை வைத்துக்கொண்டு தோசைக்கல்லில் அப்பத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கீழே விழாமல் திருப்பினால் ஆண்டு நன்றாக இருக்கும். ரொக்ஸான் வந்தாள். சனிக்கிழமை வந்ததால் ஏதோ நல்ல செய்தி என்று நினைத்தேன். பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்காராமல் நின்றாள்.

ஒரு படம் கொண்டுவந்திருந்தாள். முதல் படத்தில் நவம்பர், டிசம்பர்: புள்ளிகள் கொசுக்கூட்டம் போலச் சிதறியிருந்தன. அதில் யாராலும் எதையும் பார்க்க முடியாது. பிறகு, தொப்பி இருந்த நாட்களை எடுத்துவிட்டு, நான் துடைக்கத் தொடங்கிய நாட்களைச் சேர்த்து இன்னொரு படம். அதில் ஒரு கோடு இருந்தது. மெல்லிய, நேர்த்தியான கோடு.

"உயரத்துல ஒண்ணும் இல்ல மதாம். அது பூரா பனிதான். ஆனா இதைப் பாருங்க. ஆத்துப் பக்கம்."

பதினேழு மில்லிமீட்டர். டிசம்பரைவிட ஜனவரியில் கோட்டின் சாய்வு அதிகம்.

"எவ்வளவு தப்பலாம்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மில்லிமீட்டர். அதுக்கு மேல இல்ல. நீங்க தினமும் துடைச்சதாலதான் இவ்வளவு சுத்தமா வந்திருக்கு. இல்லன்னா வசந்தம் வரைக்கும் இது எங்க கண்ணுல பட்டிருக்காது."

அப்பம் கருகும் வாசனை வந்தது. அடுப்பை அவள்தான் அணைத்தாள்.

பிப்ரவரி 10, ஞாயிறு

எட்டு நாட்களாக ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டேன்.

பெனுவா அந்தப் பெண்ணை ஏதாவது சொல்லி மடக்கியிருப்பானா? அவனுக்கு அவள் பெயரே தெரியாது. தீயணைப்பு நிலையமே எதிர்ப்பக்கம் நகர்கிறதா? ஷிகூதிமியில் இருக்கும் இன்னொரு ஆண்டெனாவோடும் ஒப்பிட்டுக் காட்டினாள். நிலையம் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. உறைபனியா? உறைபனி தூக்கும், ஒரே பக்கம் இழுத்துக்கொண்டே போகாது. மரங்கள் பனி சுமந்தால் சிக்னல் தடுமாறும் என்றாளே, அதுவா? கம்பத்தைச் சுற்றி மரமே இல்லை. ஓவிலா வெட்டியது.

கீழறைக் கதவு கிறிஸ்துமஸிலிருந்து நிலைச்சட்டத்தில் உரசுகிறது. எண்ணெய் போட்டேன். இன்னும் உரசுகிறது.

சந்தேகப்பட இனி மிச்சம் இருப்பது நான் துடைத்த துடைப்பு மட்டும்தான். அதை எப்படிச் சந்தேகப்பட?

பிப்ரவரி 20, புதன்

இளஞ்சூடு. ரேடியோவில் ஈரப்பனி என்றார்கள்.

மாலையில் ஆணியிலிருந்து தொப்பியை எடுத்தேன். கயிற்றையும்.

யாருக்குத் தெரியப் போகிறது? எச்சரிக்கை வந்தால் என்ன? மறுபடியும் தொப்பி என்று சிரித்துக்கொண்டே நீக்கிவிடுவார்கள். ஆர்மான்மேல் பழி விழும். அவர் மறுக்கவும் மாட்டார். புள்ளிகள் மறுபடியும் கொசுக்கூட்டம் ஆகும். கோடு மறையும். வசந்தம் வரை இந்தச் சமையலறை என்னுடையது. அடுத்த குளிர்காலமும்கூட — ஏன் கூடாது? எண்பத்திரண்டு வயதில் இன்னும் எத்தனை குளிர்காலம் கேட்கிறேன்?

கம்பம் வரை போனேன். வாளிமேல் ஏறினேன். பனி தொடங்கிவிட்டது. கூம்பின்மேல் விழுந்து, ஒரு நொடி நின்று, வழுக்கி வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சொன்னது சரிதான். அது தங்காது.

கோடு மறைந்தால் நிலம் நின்றுவிடுமா, ஃபெர்னாந்த் கோத்ரோ?

இறங்கினேன். திரும்பி வரும் வழியில் தொப்பியை மாதா சுரூபத்துக்கு மாட்டிவிட்டேன். தாய்க்கு இளஞ்சூட்டிலும் குளிரும்.

பிப்ரவரி 21, வியாழன்

துடைத்தேன்.

பிப்ரவரி 24, ஞாயிறு

நானும் வீட்டை விட்டுப் போகிறேன் என்று ஆர்மானிடம் சொன்னேன். பனித்தள்ளியை நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் எதிர்பார்த்த எதையும் அவர் சொல்லவில்லை. 'அன்னைக்கே சொன்னேனே' என்றுகூட.

"மாதாவுக்குத் தொப்பி நல்லாயிருக்கு" என்றார்.

"முடிச்சு நான் போட்டது. அவிழும்."

மார்ச் 6, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு எழுதுகிறேன். ஊரில் இப்போது என்ன பேசுகிறார்கள் என்றால், என்னை அதிகாரிகள் துரத்தினார்களாம், நான் அழுதேனாம், மகன் வந்து பெட்டி கட்டினானாம். எதுவும் சரியல்ல. உத்தரவு எதுவும் வரவில்லை. பெட்டியை நான்தான் கட்டினேன். பெனுவா தூக்கினான், அதுவும் தவறாகப் பிடித்து. ஷிகூதிமியில் எனக்கு ஐந்தாம் மாடி, ஆர்மானுக்கு மூன்றாம் மாடி. ஒரே கட்டடம் என்பது தற்செயல். கேட்ட எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

கீழறைக் கதவு இப்போது மூடுவதே இல்லை.

அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதத்தின் பிரதி:

"மத்மசெல் ரொக்ஸானுக்கு. வீட்டுச் சாவிகளை இத்துடன் அனுப்புகிறேன். சனிக்கிழமை காலை கடைசியாகத் துடைப்பேன். சரிவு இறங்கும் நாள் வரை அந்தக் கம்பம் அளந்துகொண்டிருக்கும் என்றீர்கள். ஏப்ரல் வரை ஈரப்பனி உண்டு. துடைப்பம் கொட்டகைக் கதவுக்குப் பின்னால், முடி மேல்பக்கமாக வைக்கப்பட்டிருக்கிறது. நான் போன பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் மூடியைத் துடைக்கப் போகிறவர் யார்? அவர் பெயர் எனக்குத் தெரிய வேண்டும். தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்பவும்."